உப்புக் காற்றில் ஓர் ஊற்று

பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்திலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். வயது எழுபதைக் கடந்தவர். கடலுக்குப் போவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றனவாம். சென்னையில் உறவினர் வீட்டு முற்றத்தில், துளசி மாடத்தின் அருகே, சிமென்ட்டால் ஆன சிறு நீரூற்று ஒன்றைப் பார்த்திருக்கிறார். தாமரை போன்ற கிண்ணத்தின் நடுவில் நீர் எழும்பி, விளிம்பு வழியே வழிந்து, கீழே உள்ள தொட்டியில் விழுகிறது. அந்த ஓசை இன்னும் காதை விட்டு அகலவில்லை என்கிறார். “கடையில் விலை கேட்டேன், நமக்குக் கட்டாது. பழைய பேசினையும் வாளியையும் அச்சாக வைத்து நானே வார்த்துவிடலாமா? எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அது தாங்குமா? குடத்தில் பிடித்துவைத்த தண்ணீரைப் புழங்கும் வீட்டில் இப்படி நீரை ஓடவிடுவது தகுமா?” என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு விடை எளிது. வார்க்கலாம். இரண்டாவதற்கு விடை, எதைக் கொண்டு வார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. மூன்றாவது கேள்விதான் கனமானது. அதைக் கேட்கத் தோன்றியதற்காகவே அந்த அன்பருக்கு என் நமஸ்காரம்.

அச்சில் வார்ப்பது நம் மரபுக்குப் புதிதன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் திருவுருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். உருவம் வெளிவர அச்சை உடைத்தாக வேண்டும். நாம் செய்யப்போவது அவ்வளவு அரிய வேலையன்று. நம் அச்சு முழுதாகத் திரும்பிவரும், மறுநாளே அதில் துணி ஊறவைக்கலாம்.

கம்பி வைத்த கான்கிரீட்டே ஒரு தோட்டக்காரரின் கையில் வளர்ந்த பொருள் என்பது பலருக்குத் தெரியாது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜோசப் மோனியே என்பவர், கம்பி வலையின்மேல் சிமென்ட் பூசிப் பூந்தொட்டிகளும் நீர்த்தொட்டிகளும் செய்தார். 1867-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்றைய பாலங்களும் அடுக்குமாடிகளும் அந்தப் பூந்தொட்டியின் வழித்தோன்றல்கள் என்று சொன்னால் மிகையாகாது. அவருக்கும் முன்பே லாம்போ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் அதே முறையில் ஒரு படகைக் கட்டினார். 1855-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டது. சிமென்ட் படகு என்றால் கோட்டைக்குப்பத்து அன்பர் சிரிப்பார். ஆனால் அது மிதந்தது.

நம் நாட்டுச் சிமென்ட்டின் தொடக்கம் இதைவிடச் சுவையானது. 1904-இல் சென்னையில் சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற நிறுவனம் கடற்சிப்பியிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்பைக் கொண்டு சிமென்ட் செய்ய முனைந்தது. அந்த முயற்சி நிலைக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1914-இல், போர்பந்தரில்தான் இத்தொழில் வேரூன்றியது. என்றாலும், இந்தியாவின் முதற்சில சிமென்ட் மூட்டைகளுக்குள் இருந்தது கடற்கரைச் சிப்பி என்பதைப் பழவேற்காட்டார் அறிந்திருக்க வேண்டும். அவர்களுடைய ஏரிப் படுகையில் கிளிஞ்சல் அடுக்கடுக்காகப் படிந்து கிடந்தது. பக்கிங்காம் கால்வாயில் சென்னைக்குப் படகேறிப் போன சரக்குகளில் விறகும் உப்பும் கிளிஞ்சலும் உண்டு. அதைக் காளவாயில் சுட்டு நீற்றினால் வெண்ணெய் போன்ற சுண்ணாம்பு கிடைக்கும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த அந்தச் சாந்தில்தான் நம் முன்னோர் கோபுரத்துச் சுதைகளை வடித்தார்கள்.

பழவேற்காட்டு ஆதிநாராயணப் பெருமாள் கோயிலைத் தரிசித்தவர்கள், செம்புரைக்கல்லில் இராமாயணக் காட்சிகள் சிறிது சிறிதாகச் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் இடிபாடும் அதே ஊரில் கிடக்கிறது. கோயிலும் கோட்டையும் நோக்கத்தில் வேறு வேறு. ஆனால் கட்டுமானத்தில் ஓர் ஒற்றுமை உண்டு: கல்லையும் செங்கல்லையும் பிடித்து நிறுத்துவது சுண்ணாம்பு, சுவருக்குள் இரும்புக் கம்பி என்ற பேச்சே இல்லை. உப்புக் காற்று கல்லையும் காரையையும் மெல்ல மெல்ல அரிக்கும். உள்ளிருந்து வெடிக்கச் செய்யாது.

வெடிக்கச் செய்வது கம்பி. வங்கிப் பணியில் கடற்கரையோரக் கிளை ஒன்றில் மூன்றாண்டுகள் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வாடகைக் கட்டடம், கட்டிப் பதினைந்து ஆண்டுகள்கூட நிரம்பவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது, காசாளர் மேசையின்மேல் கூரையிலிருந்து முறத்தளவு காரை பெயர்ந்து விழுந்து கிடந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் கம்பிகள் செந்நிறமாகப் பொருக்கு விட்டிருந்தன. அது ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால் எங்கள் காசாளர் பிழைத்தார். விசாரித்ததில், வண்டிச் சத்தத்துக்குக் கணக்குப் பார்த்துப் பக்கத்துக் கடற்கரை மணலையே அள்ளிப் போட்டார்கள் என்றும், கரிக்கும் கிணற்று நீரையே கலவைக்கு ஊற்றினார்கள் என்றும் தெரிந்தது.

இதில் நடப்பது இதுதான். சிமென்ட்டுக்கு இயல்பாகவே காரத்தன்மை உண்டு. அது இரும்பின்மேல் மெல்லிய காப்பு ஒன்றை உண்டாக்கித் துருப்பிடிக்காமல் வைத்திருக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தக் காப்பைத் துளைத்துவிடும். துருவாக மாறும் இரும்பு, தன் பழைய பருமனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் உப்பும். உள்ளே இடமில்லை, ஆகவே சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. கடற்கரை வீடுகளில் தூண்களின் மூலைகள் நெடுக வெடித்திருப்பதை நடைபயிற்சியின்போது நீங்களே பார்க்கலாம்.

எனவே கோட்டைக்குப்பத்து ஊற்றுக்கு என் முதல் யோசனை: இரும்பே வேண்டாம். ஒன்றரை அடிக் கிண்ணத்துக்குக் கம்பி தேவையும் இல்லை. விரிசலுக்கு அஞ்சினால், மீனவர் வீட்டில் இல்லாத பொருளா, பழைய நைலான் வலை? கிழிந்த வலையில் ஒரு துண்டை எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கி, உலர்த்தி, கலவையின் நடுவில் படுக்கவையுங்கள். பாரத்தைத் தாங்க அது உதவாது. மயிரிழை விரிசல் வந்தாலும் துண்டுகள் விலகாமல் பிடித்துக்கொள்ளும், துருவும் பிடிக்காது. கழிவான மீன்வலையின் நூலைச் சிமென்ட் கலவையில் சேர்த்துப் பல நாடுகளில் ஆய்வுகளே செய்திருக்கிறார்கள்.

மணல் ஆற்று மணலாகவோ, இப்போது எங்கும் கிடைக்கும் எம்-சாண்டாகவோ இருக்கட்டும். வாசலில் மலையாய்க் குவிந்து கிடக்கிறதே என்று கடல் மணலைத் தொட வேண்டாம். விற்பவர் சொல்லில் ஐயம் இருந்தால், ஒரு கைப்பிடி மணலை ஒரு டம்ளர் நல்ல நீரில் கலக்கித் தெளியவிட்டு, ஒரு சொட்டை நாவில் வைத்துப் பாருங்கள். கரித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கலவைக்கு ஊற்றும் நீருக்கும் அதே விதிதான். கான்கிரீட்டுக்கான இந்திய தரநிலை ஐ.எஸ். 456, கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. வீட்டு மொழியில் சொன்னால், குடிக்கத் தகுந்த நீரே கலவைக்கும் தகுந்த நீர். இரும்பில்லாத கிண்ணத்துக்கு இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்கலாம். உப்பு நீரில் வார்த்தது உடையாமல் இருந்தாலும், காயும்போதெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும், பார்க்கச் சகியாது.

இனி அச்சு. பதினெட்டு அங்குல வாயுள்ள பிளாஸ்டிக் பேசின் ஒன்று, பதினைந்து அங்குலத்தில் இன்னொன்று. ஆழம் ஆறு அங்குலம் போதும். இரண்டும் வாய் அகன்று அடி குறுகியவையாக இருக்க வேண்டும். இது முக்கியம். வாளி அச்சாகும், குடம் ஆகாது. கழுத்து குறுகிய பாத்திரத்துக்குள் வார்த்ததைப் பாத்திரத்தை உடைக்காமல் எடுக்க முடியாது. பெரிய பேசினின் உட்புறமும் சிறிய பேசினின் வெளிப்புறமும் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவுங்கள். வேலைத்தளங்களில் பழைய என்ஜின் எண்ணெயைத் தடவுவார்கள். நம் கிண்ணத்தில் காக்கையும் குருவியும் நீர் அருந்தப் போகின்றன, அது வேண்டாம்.

ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், இரண்டு பங்கு கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லி. முதலில் உலர்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும்வரை புரட்டிக்கொண்டு, பிறகு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். இந்தக் கிண்ணத்துக்கு ஆறு கிலோ சிமென்ட் தாராளம். ஆறு கிலோவுக்கு நீர் மூன்று லிட்டருக்கு உள்ளேயே நிற்கட்டும். குழம்புபோல் ஓடினால் கொட்டுவது சுலபம்தான்; ஆனால் கூடுதலாக ஊற்றிய ஒவ்வொரு டம்ளர் நீரும் பின்னர் ஆவியாகிப் போகும்போது நுண்துளைகளை விட்டுச் செல்லும். உப்புக் காற்று நுழையும் வழி அதுதான். உருட்டினால் உருண்டையாக நிற்கும் பதம், கொழுக்கட்டை மாவைவிடச் சற்றே இளகல். வீட்டில் அம்மையாரைக் கேட்டால் பதம் சொல்லிவிடுவார்.

பெரிய பேசினின் அடியில் ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் கலவையைப் பரப்பி, வலைத் துண்டை வைத்து, நடுவில் ஒரு சிறு பி.வி.சி. குழாய்த் துண்டை நிமிர்த்தி நிறுத்துங்கள். பின்னால் நீர் ஏறும் துளை அதுவே. சிறிய பேசினின் அடியில் அதற்கேற்ற ஓட்டை போட்டுக் குழாயின்மேல் இறக்கி, சுற்றிலும் உள்ள இடைவெளியில் மிச்சக் கலவையை அடையுங்கள். உள்ளே இருக்கும் பேசின் மேலே மிதந்து எழப் பார்க்கும். அதனுள் இரண்டு செங்கற்களை வைத்தால் அடங்கிவிடும். பிறகு ஒரு குச்சியால் குத்திக் குத்தி, வெளிப்பேசினைச் சுற்றிலும் கையால் தட்டிக்கொண்டே வர வேண்டும். காற்றுக் குமிழிகள் மேலே வந்து உடைவது தெரியும். அவை நிற்கும்வரை தட்டுங்கள். அவசரப்பட்டால் தேன்கூடு போன்ற பொந்துகளோடு கிண்ணம் வெளிவரும்.

தாமரை வடிவம் வேண்டுமென்றால் பேசினை மறந்துவிட்டு மணலையே அச்சாக்கலாம். கடற்கரைக்காரருக்கு இதைவிட வசதி ஏது? ஈர மணலைக் குவித்துக் கவிழ்த்த கிண்ணம்போல் தட்டிச் சீராக்கி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். கடல் மணலின் உப்பு கலவையைத் தொடக் கூடாது. தாளின்மேல் பெரிய தாமரை இலையையோ சேப்பங்கிழங்கு இலையையோ நரம்புப் பக்கம் மேலே தெரியும்படி போர்த்தி, ஜல்லியில்லாத கலவையை, அதாவது ஒன்றுக்கு இரண்டு மணலில், ஓர் அங்குலக் கனத்துக்கு அப்ப வேண்டும். இறுகிய பிறகு புரட்டி இலையை உரித்தால் ஒவ்வொரு நரம்பும் கிண்ணத்தின் உட்புறத்தில் பதிந்திருக்கும். எந்தக் கடை ஊற்றிலும் அந்த அழகைக் காண முடியாது.

வேலையைக் காலை வெயிலுக்கு முன், நிழலில் தொடங்குங்கள். ஈரச் சிமென்ட் தோலைப் புண்ணாக்கும். நம் வயதில் தோலும் மெல்லியது, புண் ஆறவும் நாளாகும். ரப்பர் கையுறை கட்டாயம். மூட்டையைக் கொட்டும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். முடிந்த கிண்ணம் ஏறக்குறைய முப்பது கிலோ கனக்கும். தனியாகத் தூக்க வேண்டாம். பேரப்பிள்ளை வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து அச்சைக் கழற்றலாம். பார்வைக்குக் கல்லாகிவிட்டதுபோல் இருக்கும். ஆனால் உள்ளே வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. காய்வதால் சிமென்ட் இறுகுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது நீரோடு கூடி இறுகும் பொருள். ஈரம் போய்விட்டால் இறுகுவதும் பாதியில் நின்றுவிடும். கட்டுமானத் துறையில் கான்கிரீட்டின் வலிமையை 28-ஆம் நாளில்தான் அளக்கிறார்கள். நனைத்த சாக்கைப் போர்த்தி, காய விடாமல் இரண்டு வாரம் தண்ணீர் தெளித்து வாருங்கள். பொறுமையற்ற இளைஞர்களைவிட ஓய்வுபெற்ற நமக்குப் பொருத்தமான வேலை இது.

கிண்ணத்தைத் தாங்கும் தூணுக்குப் பழைய வாளி அச்சு. நீர் வந்து சேரும் கீழ்த் தொட்டியை வார்க்க முனைய வேண்டாம் என்பேன். கிணற்று உறை வார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் இருப்பார்கள். இரண்டடி விட்டத்தில், உயரம் குறைந்த உறை ஒன்றை வாங்கி அடியைப் பூசிக்கொண்டால் தொட்டி தயார். தவிரவும், உறை வார்ப்பவரே இந்தத் தொழிலின் ஆசான். அரிக்கமேட்டிலும் கீழடியிலும் சுடுமண் உறைகளை அடுக்கிக் கிணறு இறக்கியவர்களின் வேலையைத்தான் அவர் சிமென்ட்டில் செய்துவருகிறார். ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால், நான் இங்கே எழுதியிருப்பதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

ஊற்றின் நடுவில் சிவபெருமானை அமர்த்திச் சடையிலிருந்து நீர் வரும்படி செய்யலாமா என்று சிலருக்குத் தோன்றும். கடைகளில் அத்தகையவை விற்கவும் விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வைத்தபின் திருவுருவம், பாசி பிடித்து, மூக்கு உடைந்து, பம்பு நின்று போனபின் அதை என்ன செய்வது? அரச மரத்தடிகளில் கைவிடப்பட்டுக் கிடக்கும் பின்னமான உருவங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வாடுகிறது. வெறும் கிண்ணமும் வெறும் நீருமே போதும். திருவானைக்காவில் அப்புலிங்கத்தின் அடியில் கசியும் நீருக்கு எந்த அலங்காரமும் இல்லை. அங்கே நீரே மூர்த்தி.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பதினொன்றாம் நூற்றாண்டில் போஜராஜன் இயற்றியதாகச் சொல்லப்படும் சமராங்கண சூத்திரதாரம் என்ற சிற்ப நூலில், யந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தில், நீர் பொழியும் தாராகிருகங்கள் வகை வகையாக விவரிக்கப்பட்டுள்ளன. மழைபோல் பொழியும் மண்டபம்கூட அதில் உண்டு. அவை அரசர்களின் கோடைக்கால இன்பத்துக்கானவை. நீரைச் சுமந்து வந்தவர்கள் யார் என்பது அங்கே பேச்சில்லை. கோயில் நீரின் வழி வேறு. அபிஷேகம் செய்த நீர் கோமுகி வழியே வெளிவந்து அடியார் தலையில் ஏறுகிறது. அக்கினி நட்சத்திர நாள்களில் சிவலிங்கத்தின்மேல் தாரா பாத்திரம் கட்டுகிறோம்; சொட்டுச் சொட்டாக நாள் முழுவதும் இறங்கினாலும் செலவு சில குடங்களே.

கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் ஊற்று என்ற சொல்லுக்கே வேறு பொருள். ஒருபுறம் ஏரி, மறுபுறம் கடல், இரண்டும் உப்பு. இடையே கிடக்கும் மணல் திட்டில் சில அடி தோண்டினால் இனிக்கும் நீர் சுரப்பது தெய்வச் செயல்போலவே தோன்றும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. பெய்த மழை மணலில் இறங்கி, கனமான உப்பு நீரின்மேல் படகுபோல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் நூலாரின் விதி. இதைத் திருப்பிப் படியுங்கள். நீண்ட நாள் இறைத்து இறைத்து மேல் மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். நாற்பது ரூபாய் அசலை ஒரு ரூபாய் வட்டி காத்து நிற்கிறது என்று வங்கிக்காரன் மொழியில் சொல்லலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அன்று நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் கடல் நேரே புகுந்து உப்பாக்கியது. அவை தெளிய எத்தனை மழை தேவைப்பட்டது என்பதைக் கரையில் வாழ்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே ஊற்றுக்கு ஒரு வரவு செலவு எழுதிப் பார்த்தேன். இரண்டடித் தொட்டியில் ஐந்து அங்குலம் நீர் நின்றால் சுமார் 35 லிட்டர், பிளாஸ்டிக் குடத்தில் இரண்டு குடத்துக்கு மேல். நம் பக்கத்துக் கோடையில் திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்கு ஆறேழு மில்லிமீட்டர் வற்றும். கிண்ணத்தையும் தொட்டியையும் சேர்த்தால் இரண்டரை லிட்டருக்கு மேல். காற்றில் சிதறுவதையும் சேர்த்து நாலு லிட்டர் என்று வையுங்கள். கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்தாக வேண்டும். ஆக வாரத்துக்கு 63 லிட்டர், நாலு குடத்துக்கும் மேல். மின்சாரம் பெரிதன்று. ஏர்கூலருக்குள் வைக்கும் 18 வாட் பம்பை நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் மாதம் மூன்றேகால் யூனிட்தான்.

அந்த நாலு குடத்தை யார் சுமக்கிறார்கள்? எழுபது வயது அன்பர் சுமக்க மாட்டார். மருமகளோ மகளோ இடுப்பில் சுமந்து வர வேண்டும். ஓசை ஒருவர் காதுக்கு, பாரம் இன்னொருவர் இடுப்புக்கு என்றால், அந்த ஊற்று அந்த வீட்டில் வேண்டாம். வார்ப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். மாமனார் கேட்டால் மறுத்துச் சொல்ல மாட்டார்கள் என்பதால், கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

மழை நீர் என்றால் கதை வேறு. பத்தடிக்குப் பத்தடிக் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது சிதறியது போக 150 லிட்டராவது பிடிக்கலாம். 2003-இல் தமிழ்நாடு அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பொருத்திய குழாய்கள் பல வீடுகளில் இன்று எங்கோ பார்த்து நிற்கின்றன. அதைச் சீராக்கி ஒரு பீப்பாயில் இறக்குங்கள். ஐப்பசி முதல் தை வரை ஊற்று தாராளமாக ஓடட்டும். கார்த்திகை தீபத்தன்று அகல் வெளிச்சத்தில் அதைப் பார்க்க நானே வருகிறேன். சித்திரை பிறந்தால் பம்பைக் கழற்றி உலர்த்தி எடுத்து வைத்துவிட வேண்டியது. கிண்ணத்தின் நடுத்துளையைத் தக்கையால் அடைத்து, மேலே ஒரு மண் கலயத்தைக் கட்டி, அடியில் ஊசித் துளையிட்டுத் திரியைச் செருகினால் தாரா பாத்திரம்போல் நாள் முழுதும் சொட்டும். இரண்டு லிட்டரில் ஒரு பகல் போகும். பறவைக்கும் தாகம் தீரும். சொட்டும் ஓசையும் ஓசைதானே.

பம்பு ஓடும் மாதங்களில், அதற்குத் தனியாக ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான், 30 மில்லி ஆம்பியர் அளவில், மின்பணியாளரைக் கொண்டு வைத்தே தீர வேண்டும். கடற்காற்றில் பிளக்கின் பித்தளைக் காலே பச்சை பூத்துவிடும். நீரும் மின்சாரமும் வெறுங்காலில் நிற்கும் குழந்தைகளும் கூடும் இடம் அது. இதில் சிக்கனம் பார்ப்பவரோடு நான் பேசுவதாயில்லை.

புதுக் கிண்ணத்தில் நிரப்பும் முதல் சில நாள் நீர் சுண்ணாம்புக் காரத்தோடு இருக்கும். அதைப் பறவைக்கும் வைக்காதீர்கள், செடிக்கும் ஊற்றாதீர்கள். நான்கைந்து முறை நிரப்பி மாற்றியபின் சரியாகிவிடும். பிறகு வாரந்தோறும் கழிக்கும் நீரில், வற்றிய நீரின் உப்பெல்லாம் தங்கியிருக்கும். துளசி அதைத் தாங்காது, தென்னை தாங்கும். கிண்ணத்தில் நீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் நிற்க வேண்டாம். நடுவில் சொரசொரப்பான ஒரு கல்லைப் போட்டுவையுங்கள், சிட்டுக்குருவிக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும்.